தேக்கு வந்த வழியில் எரிவாயு வரவில்லை: மியான்மர்–வங்கதேசம்–இந்தியா குழாய்த் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

செட்டிநாட்டு வளவுகளில் நிற்கும் தேக்குத் தூண்களில் பெரும்பாலானவை பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவை. கடல் கடந்து தொழில் செய்ய, அதாவது கொண்டுவிக்கப் போன நகரத்தார் (செட்டிநாட்டு வணிகர்) அங்கே வட்டிக்கடை வைத்தார்கள், நெல் விளைச்சலை நம்பிக் கடன் கொடுத்தார்கள், ஊரில் வீடு கட்ட மரம் கொண்டுவந்தார்கள். அதே பர்மாவின் அரக்கான் கரைக்கு அப்பால், வங்கக் கடலில், 2004 ஜனவரியில் ஷ்வே எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. துளையிட்டது கொரியாவின் டேவூ. கூட்டணியில் இந்திய அரசு நிறுவனங்களான ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கு 17 விழுக்காடும் கெயிலுக்கு 8.5 விழுக்காடும் பங்கு. அதாவது வயலில் கால்பங்குக்கு மேல் இந்தியாவுடையது. எரிவாயுவுக்குத் தவிக்கும் சந்தையும் பக்கத்திலேயே இருந்தது.

2013 முதல் அந்த வாயு சீனாவின் குன்மிங் நகரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதைச் சுமந்து போகும் தரைக்குழாய் நிறுவனத்திலும் ஓ.என்.ஜி.சி.க்கு 8.35 விழுக்காடு, கெயிலுக்கு 4.17 விழுக்காடு பங்கு உண்டு. இந்தியாவுக்கு லாபப் பங்கு வருகிறது. வாயு வரவில்லை.

இது ஏன் நடந்தது என்பதைச் செட்டிநாட்டில் இருப்பவர்கள் ஆழமாகப் படிக்க இரண்டு காரணங்கள் உண்டு. அயல்நாட்டு மண்ணில் பணத்தை அசையாப் பொருளாக மாற்றினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர்க் குடும்பங்களைப் போல் அனுபவித்தவர்கள் குறைவு. அடுத்து, இதே கேள்வி இப்போது நம் வாசலுக்கே வந்திருக்கிறது. 2023 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் வெளியிட்ட கூட்டுத் தொலைநோக்கு ஆவணம், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குப் பெட்ரோலியப் பொருட்களுக்கான குழாய் அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. 2024 டிசம்பர் கூட்டறிக்கையில் திரவ இயற்கை எரிவாயு வழங்குவதும் சேர்ந்தது.

2005: கைக்கு எட்டிய ஒப்பந்தம்

2005 ஜனவரி 13 அன்று யாங்கூனில் மூன்று நாட்டு எரிசக்தி அமைச்சர்களும் கூடி, மியான்மர் வாயுவை வங்கதேசம் வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அப்போது இந்தியாவின் பெட்ரோலிய அமைச்சர் மணிசங்கர் ஐயர். அரக்கானிலிருந்து மிசோரம், திரிபுரா தொட்டு, வங்கதேசத்துக்குள் நுழைந்து, மேற்கு வங்கத்தில் வெளிவரும் தடம் அது. நீளம் 900 கி.மீ. அளவு. வங்கதேசத்துக்கு வழிக்கட்டணமாக ஆண்டுக்குச் சுமார் 12.5 கோடி டாலர் கிடைக்கும் என்று பேசப்பட்டது.

வங்கதேசம் மூன்று கோரிக்கைகளை இத்துடன் முடிச்சுப் போட்டது: நேபாளம், பூடான் நீர்மின்சாரம் இந்தியா வழியாகத் தன்னிடம் வர வேண்டும், அந்த இரு நாடுகளோடும் வாணிபம் செய்ய இந்திய மண்ணில் வழி வேண்டும், இந்தியாவோடு உள்ள வணிகப் பற்றாக்குறையைக் குறைக்க நடவடிக்கை வேண்டும். இவை இருதரப்பு விவகாரங்கள், மூன்று நாட்டுக் குழாய் ஒப்பந்தத்தில் சேர்க்க முடியாது என்பது இந்தியத் தரப்பின் நிலை. பேச்சு அங்கேயே நின்றது.

இதில் வங்கதேசத்தின் மேல் மட்டும் பழி போடுவது சரியான வாசிப்பு அல்ல. குழாய் போகும் வழியில் இருக்கும் நாட்டுக்கு அந்த வாயு தேவையில்லை என்றால், அதன் கையில் இருக்கும் ஒரே சரக்கு ‘சம்மதம்’. குழாய் புதைந்த பிறகு அந்தச் சரக்கின் மதிப்பு சரியும் என்று அதற்குத் தெரியும். ஆகவே புதைக்கும் முன்பே மொத்த விலையையும் கேட்கும். நிலத்தின் நடுவே வண்டிப்பாதை கேட்டு வருபவரிடம் பழைய வரப்புத் தகராறையும் சேர்த்துப் பேசாத காணிக்காரர் உண்டா? இந்தியா செய்திருக்க வேண்டியது, அந்த மூன்று கோரிக்கைகளையும் தனி மேசையில் வைத்து, அதே நாட்காட்டியில் பேசியிருப்பது. அத்தோடு வங்கதேசத்தை வெறும் வழிவிடும் நாடாக வைக்காமல், வாங்கும் நாடாகவும் சேர்த்திருக்கலாம். பின்னாளில் அதற்கும் வாயு போதவில்லை. 2018 முதல் மொகேஷ்காலி கடலில் மிதக்கும் முனையம் நிறுத்தித் திரவ எரிவாயுவை இறக்குமதி செய்கிறது. தன் அடுப்பும் எரியும் குழாயை யாரும் லேசில் மறிக்க மாட்டார்கள்.

வங்கதேசத்தைச் சுற்றிக்கொண்டு மிசோரம், அசாம், சிலிகுரி வழியே கொண்டுவரும் மாற்றுத் தடமும் ஆராயப்பட்டது. நீளம் சுமார் 1,500 கி.மீ. மலை, காடு, நிலநடுக்கப் பட்டை, பிரம்மபுத்திரா வடிநிலம். நேர் வழியில் குழாயின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆகும் செலவு இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் நீளத்துக்கு, அதுவும் கடினமான தரையில் ஆகும். வாயுவின் அளவு மட்டும் அதேதான்.

இந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் விற்பவர் காத்திருக்கவில்லை. 2005 டிசம்பரில் மியான்மர் பெட்ரோசைனாவோடு புரிந்துணர்வு செய்தது. 2007 ஜனவரி 12 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் மியான்மருக்கு எதிரான தீர்மானத்தைச் சீனாவும் ரஷ்யாவும் தடுத்தன. 2008 டிசம்பரில் ஷ்வே கூட்டணி சீனத் தேசிய பெட்ரோலிய நிறுவனத்தின் கிளையோடு 30 ஆண்டு விற்பனை ஒப்பந்தம் போட்டது. 2010 ஜூனில் குழாய்ப் பணி தொடங்கியது. 2013 ஜூலையில் வாயு ஓடியது. ஒப்பந்தத்திலிருந்து வாயு வரை ஐந்தாண்டுக்கும் குறைவு. சீனத் தடத்தில் வழியில் மூன்றாம் நாடு இல்லை என்பதை மறக்கக் கூடாது. விற்பவர், வாங்குபவர், இடையே ஒரே ஓர் எல்லை. எண்ணிக்கை கூடக்கூடச் சிக்கல் கூட்டலாக வளர்வதில்லை, பெருக்கலாக வளர்கிறது.

அசையாப் பொருளின் பேரம்

1930-ஐ ஒட்டி பர்மாவில் நகரத்தார் கடைகள் 1,600-க்கு மேல் இருந்தன. முதலீடு சுமார் 75 கோடி ரூபாய். அது பெரும்பாலும் கடன், அதாவது திரும்பி வரக்கூடிய பணம். உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்ததும் கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலம், 1937 வாக்கில் 25 விழுக்காடானது. ஐந்தொகையில் (சொத்து–கடன் கணக்கில்) பார்த்தால் சொத்து வளர்ந்திருக்கிறது. பேர பலத்தைப் பார்த்தால் அது கையைவிட்டுப் போய்விட்டது. கடன்பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக் கப்பலேறலாம். வயலைக் கொண்டுவர முடியாது. போரும், பின்னர் விடுதலைக்குப் பிந்தைய நில நாட்டுடைமைச் சட்டங்களும் அதை முடித்துவைத்தன.

எரிவாயுக் குழாய் இதே இனம். முதல் வெல்டிங்குக்கு முன்பு எல்லாப் பலமும் பணம் போடுபவரிடம். கடைசி வெல்டிங்குக்குப் பின்பு பலம் முழுதும் மண்ணுக்குச் சொந்தக்காரரிடம். எண்ணெய்க் கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பலாம். புதைத்த எஃகைத் தோண்டி எடுத்தால் அது பழைய இரும்பு. ஆகவே எல்லை தாண்டும் குழாயில் மண் வெட்டும் வேலைக்கு முன்னால் காகித வேலைதான் உண்மையான கட்டுமானம். அதன் வரிசை பின்வருமாறு இருந்தால்தான் நிற்கும்.

முதலில் வயலில் எவ்வளவு இருப்பு என்று விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவான, சுதந்திரமான நிறுவனத்தின் சான்று. 30 ஆண்டு ஒப்பந்தத்துக்கு 30 ஆண்டு வாயு இருக்க வேண்டும். பிறகு விற்பனை ஒப்பந்தம். அதற்குப் பிறகே நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை, ஒவ்வொரு நாடும் குழாய் நிறுவனத்தோடு தனியாகப் போடும் ஒப்பந்தம், வாயுவைக் குழாயில் கொண்டுசெல்லும் ஒப்பந்தம், கடன். அரசுகள் முதலில் கூட்டறிக்கை விட்டு, விற்பனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் 2005 திரும்ப வரும். யாங்கூனில் மூன்று அரசுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் ஒரு கன மீட்டருக்குக்கூட யாரும் கையெழுத்திட்ட வாங்குபவர் அல்ல.

விற்பனை ஒப்பந்தத்தின் உயிர், ‘எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கொடு’ என்னும் பிரிவு. ஓர் எடுத்துக்காட்டு: நாளொன்றுக்கு ஒப்பந்த அளவு 100 அலகு, குறைந்தபட்சக் கட்டணம் 85 விழுக்காடு. ஆண்டு சராசரியாக 60 அலகுதான் எடுத்தீர்கள் என்றால் 85-க்கே பணம். மீதி 25-ஐ அடுத்த சில ஆண்டுகளில் ஈடாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆண்டுகளின் 85-ஐ முதலில் தீர்த்த பிறகுதான் பழைய 25-இல் கை வைக்க முடியும். இதைத் தவறாகப் படித்து மாட்டிக்கொண்டவர்கள் பலர். தாய்லாந்துக்கே இது நடந்தது. மியான்மரின் யதனா வயலிலிருந்து கடலடியில் 346 கி.மீ., தரையில் 63 கி.மீ. குழாய் 1998-ல் முடிந்துவிட்டது. மறுமுனையில் ராட்சபுரி மின்நிலையம் முடியவில்லை. எடுக்காத வாயுவுக்குத் தாய்லாந்து பணம் கட்டியது. குழாய்க்கும் மின்நிலையத்துக்கும் தனித்தனி ஒப்பந்ததாரர், தனித்தனி தாமதம். அபராதம் மட்டும் ஒரே இடத்தில் விழுந்தது.

விலைக்கு ஓர் எண்ணை எழுதக் கூடாது, சூத்திரத்தை எழுத வேண்டும். கச்சா எண்ணெய் விலையோடோ எரிபொருள் குறியீட்டோடோ இணைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து பேசும் உரிமையோடு. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டி நிர்ணயித்தது இதே அறிவுதான். நிலையான எண் காலப்போக்கில் யாரோ ஒருவருக்கு அநியாயமாகும். அநியாயம் என்று நினைப்பவர் கையில் வால்வு இருந்தால் அதை மூடுவார்.

வழிக்கட்டணத்தைப் பணமாகக் கொடுப்பதைவிட வாயுவாகக் கொடுப்பது பல நேரம் நல்லது. தொகை என்றால் ஆட்சி மாறும்போது ‘போதாது’ என்ற குரல் எழும். வாயு என்றால் அது ஒரு மின்நிலையத்தை ஓட்டும், அதை நிறுத்தினால் உள்ளூரிலேயே விளக்கு அணையும். சீனக் குழாயும் வழியிலேயே வாயுவை இறக்கிக் கொடுக்கிறது. நாளொன்றுக்கு 50 கோடி கன அடியில் 40 கோடி சீனாவுக்கு, 10 கோடி மியான்மருக்கு. சியாவ்பியூ, யெனஞ்சாங், தாவுங்தா, மாண்டலே ஆகிய நான்கு இடங்களில் இறக்கு நிலையங்கள்.

793 கி.மீ. என்பது எவ்வளவு எஃகு

மியான்மருக்குள் சீனக் குழாயின் நீளம் 793 கி.மீ., விட்டம் 1,016 மி.மீ. வேலையின் அளவு புரிய ஒரு கணக்குப் போடலாம். அழுத்தம் 100 பார் (10 மெகாபாஸ்கல்), எஃகு எக்ஸ்-70 ரகம் (இளகு வலிமை, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லை, 485 மெகாபாஸ்கல்), ஆள் நடமாட்டம் குறைந்த நிலத்துக்கான வடிவமைப்புக் காரணி (அந்த வலிமையில் பயன்படுத்த அனுமதிக்கும் பங்கு) 0.72 என்று கொள்வோம். சுவர்த் தடிமன் = அழுத்தம் × விட்டம் ÷ (2 × இளகு வலிமை × காரணி). அதாவது 10 × 1,016 ÷ (2 × 485 × 0.72), ஏறக்குறைய 14.5 மி.மீ. மீட்டருக்கு 358 கிலோ. 12 மீட்டர் குழாய் ஒன்று 4.3 டன். மொத்தத்தில் 66,000 குழாய், 2.8 லட்சம் டன் எஃகு. ஊர்ப்பக்கம் வரும்போது காரணியை 0.5-ஆகக் குறைத்தால் அதே சூத்திரத்தில் தடிமன் 21 மி.மீ. ஆகிவிடும். பாதை ஊரைத் தொட்டால் செலவு எகிறுவது இதனால்தான். 66,000 குழாய் என்றால் ஏறக்குறைய அத்தனை வெல்டிங் இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் கதிர்ப்படமோ மீயொலிச் சோதனையோ வேண்டும்.

குழாயின் வடிவமைப்புத் திறன் ஆண்டுக்கு 1,200 கோடி கன மீட்டர். சீனாவுக்கு ஒப்பந்தப்படி போவது நாளொன்றுக்கு 1.13 கோடி கன மீட்டர், ஆண்டுக்கு 410 கோடி. மூன்றில் ஒரு பங்குதான் நிறைகிறது. குழாயின் செலவு நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் ஒன்றே. ஆகவே நிறைந்திருந்தால் ஒரு ரூபாய் விழும் வாயு கொண்டுசெல்லும் கட்டணம் இங்கே ஏறத்தாழ மூன்று ரூபாயாக விழுகிறது. சீனா இதை வெறும் வணிகமாகப் போடவில்லை. பக்கத்திலேயே ஓடும் கச்சா எண்ணெய்க் குழாயையும் சேர்த்து, மலாக்கா நீரிணையைச் சுற்றாத ஒரு வழியை அது விலை கொடுத்து வாங்கியது. சீனக் கருவூலத்தின் பலம் இல்லாத நாடு அப்படிப் பெரிதாகக் குழாய் போட்டால் கடன்காரர் வாசலில் நிற்பார்.

ஒப்பீட்டுக்கு: அந்த 410 கோடி கன மீட்டர், கப்பலில் வந்தால் 30 லட்சம் டன் திரவ எரிவாயு. எண்ணூர் முனையத்தின் திறன் ஆண்டுக்கு 50 லட்சம் டன். இன்று தமிழ்நாட்டுக்கு ஷ்வே இல்லாத குறையை எண்ணூர் தீர்க்கிறது. கப்பலில் வரும் வாயு பொதுவாக விலை கூடும், ஆனால் எந்த நாட்டிலிருந்தும் வரும்.

எல்லையில் குழாயை வெட்டுவது

எல்லை தாண்டும் குழாயில் தொழில்நுட்பச் சண்டைகள் பெரும்பாலும் எல்லை நிலையத்தில் பிறக்கின்றன. அங்கே மூன்று விஷயம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஒன்று, அளவு. உரிமை கைமாறும் இடத்தில் மீயொலி மீட்டர் இரண்டு ஓடைகளாக, ஒன்று வேலை செய்ய ஒன்று காத்திருக்க. கூடவே வாயுப் பகுப்பாய்வுக் கருவி. விற்பது கன மீட்டர் அல்ல, வெப்பம். யதனா வாயுவில் நைட்ரஜன் அதிகம், வெப்ப மதிப்பு குறைவு. கன மீட்டர் கணக்கில் வாங்கினால் வாங்குபவர் ஏமாறுவார்.

இரண்டு, ஈரம். குழாயை நீர் அழுத்தச் சோதனை செய்த பிறகு உள்ளே தங்கும் நீரை ‘பிக்’ என்னும் துடைப்புக் கருவியை ஓட்டித் துடைத்து, உலர்ந்த காற்றைச் செலுத்தி, பனிநிலையை (ஈரம் நீராகத் திரளும் வெப்பநிலையை) −20 டிகிரி வரை இறக்க வேண்டும். அவசரத்தில் இதைக் குறைத்தால் அந்த நீர் பிறகு வாயுவோடு சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட் ஆகும். ராமநாதபுரத்து வெயிலில் எப்படி உறையும் என்று கேட்கலாம். புதைந்த குழாயில் உறையாது, மண்ணே 28 டிகிரி இருக்கும். அழுத்தம் குறைக்கும் வால்வில்தான் உறையும். ஒரு பார் குறைந்தால் சுமார் அரை டிகிரி குளிரும். 80-லிருந்து 30 பாருக்கு இறக்கினால் 25 டிகிரி போய், வாயு 3 டிகிரிக்கு வந்துவிடும். அதற்கு முன் ஒரு சூடேற்றி இல்லையென்றால் வால்வு அடைத்துக்கொள்ளும். அடுத்த நாடு ‘நீ நிறுத்திவிட்டாய்’ என்று கடிதம் எழுதும்.

மூன்று, துரு. இதில் காரைக்குடிக்கு நேரடி உரிமை உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் எழுந்து 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாட்டின் அரிமான ஆய்வுக்குத் தலைமையிடம். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடலோர ஆய்வுக் கிளைகள் அதற்கு உண்டு. உப்புக் காற்றும் உப்பு நீரும் இரும்பை என்ன செய்யும் என்று நம் கரையிலேயே அளக்கிறார்கள்.

புதைந்த எஃகுக் குழாய்க்கு முதல் காப்பு மூன்றடுக்கு பாலிஎத்திலீன் பூச்சு, சுமார் 3 மி.மீ. அந்தப் பூச்சில் ஊசித்துளை இருக்கும், கல் கீறும். அந்த இடங்களுக்கு இரண்டாவது காப்பு, குழாய்க்குச் சிறு மின்னோட்டம் கொடுத்துத் துருவைத் தடுக்கும் எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு. செம்பு–செம்பு சல்பேட் மின்வாயோடு ஒப்பிட்டு குழாயின் மின்னழுத்தம் −850 மில்லிவோல்ட்டாகவோ அதைவிடக் கூடுதல் எதிர்மமாகவோ இருக்க வேண்டும். சல்பேட் தின்னும் பாக்டீரியா உள்ள களிமண்ணில் −950. கூடுதல் பாதுகாப்பு நல்லதுதானே என்று −1,200-ஐத் தாண்டிப் போனால் ஹைட்ரஜன் உண்டாகி பூச்சே உரிந்து வரும்.

எல்லையில் இரண்டு நாடுகள் இரண்டு மின் அமைப்புகளை ஓட்டும். குழாய் தொடர்ச்சியான உலோகமாக இருந்தால் இந்தப் பக்கத்து மின்னோட்டம் அந்தப் பக்கம் ஓடும். யார் குழாய்க்கு எவ்வளவு பாதுகாப்பு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நடுவே மின்கடத்தாத ஒற்றை இணைப்பு வைத்துக் குழாயை மின்னளவில் வெட்டுகிறார்கள். ஆனால் இரு பக்கமும் வெவ்வேறு மின்னழுத்தம் இருந்தால் மின்னோட்டம் அந்த இணைப்பைத் தாவி, ஈர மண் வழியே போகும். அது எஃகைவிட்டு வெளியேறும் புள்ளியில் எஃகு கரையும். இணைப்பு வைத்த பிறகு இரு பக்கமும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் மின்னழுத்தம் எடுத்துப் பரிமாறிக்கொள்ள வேண்டும். உடன்படிக்கையின் பின்னிணைப்பில் இந்த ஒரு வரி இல்லையென்றால் ஒருவர் தரவு அடுத்தவருக்குப் போகாமல் நிற்கும்.

பாக் நீரிணை: நம் கணக்கு

இலங்கைக்கு ஓர் எரிவாயுக் குழாய் போட்டால் எப்படி இருக்கும்? தலைமன்னார், தனுஷ்கோடி முனையிலிருந்து 30 கி.மீ. காரைக்குடி வழியே ஓடும் போட் மெயில் ரயில் ஒரு காலத்தில் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலோடு இணைந்த வண்டிதான். 1964 புயல் வரை. ஆகவே தூரம் சிறிது என்று தோன்றும். ஆனால் வாங்குபவர் தலைமன்னாரில் இல்லை. கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் யுகதனவி, 350 மெகாவாட் சோபாதனவி ஆகிய மின்நிலையங்கள் இருக்கின்றன. கடல் 30, தரை குறைந்தது 230.

650 மெகாவாட்டும் முழுச் சுமையில், 50 விழுக்காடு திறனில் ஓடினால் வெப்பம் 1,300 மெகாவாட் வேண்டும். கன மீட்டருக்கு 35 மெகாஜூல் என்றால் நொடிக்கு 37 கன மீட்டர், நாளுக்கு 32 லட்சம். 60 விழுக்காடு சுமையில் 19 லட்சம். சீனாவுக்குப் போகும் ஷ்வே வாயுவில் ஆறில் ஒரு பங்கு. 260 கி.மீ. குழாயை இவ்வளவு மெல்லிய ஓட்டம் தாங்காது. வழியில் புத்தளம் பக்கம் 900 மெகாவாட் லக்விஜய நிலக்கரி நிலையம் இருக்கிறது. அது எப்போதாவது வாயுவுக்கு மாறும் என்ற கையெழுத்து கிடைத்தால் கணக்கு தலைகீழாகும். அதுவரை சிறு கப்பலில் திரவ எரிவாயு அனுப்புவதே இலங்கைக்கும் நமக்கும் நியாயம் என்பது எங்கள் முடிவு.

இருந்தாலும் வடிவமைப்பை இப்போதே யோசித்து வைக்கலாம். 508 மி.மீ. விட்டம், 12.7 மி.மீ. சுவர் கொண்ட குழாய் மீட்டருக்கு 155 கிலோ. பூச்சோடு சேர்ந்து அது இடம்பெயர்க்கும் கடல்நீர் 213 கிலோ. அதாவது வாயுக்குழாய் கடலில் மிதக்கும். 50 மி.மீ. கனக் கான்கிரீட் உறை சேர்த்தால் மொத்தம் 430 கிலோ, இடம்பெயர்க்கும் நீர் 303. அப்போதுதான் தரையில் அமரும். துருவுக்கு, குழாயைச் சுற்றி வளையல் போல் அலுமினியம்–துத்தநாகம்–இண்டியம் கலப்பு ஆனோடுகள் கட்ட வேண்டும். அவை கரைந்து எஃகைக் காக்கும்.

பாக் விரிகுடா ஆழமற்றது. குழாய் இடும் பெரிய கப்பல்களுக்கு அங்கே மிதக்கவே நீர் போதாது. தட்டையான பார்ஜில் வெல்டிங் செய்து இழுக்க வேண்டும். அடிமட்ட இழுவலைப் படகுகள் அன்றாடம் ஓடும் கடல் அது. வலையின் கனத்த பலகை, தரைமேல் கிடக்கும் குழாயின் கான்கிரீட்டை உடைக்கும். படகையும் கவிழ்க்கும். ஆகவே முழு நீளமும் பள்ளத்தில் புதைக்க வேண்டும். புதைத்தால் கடற்புல் போகும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் 448 சதுர கி.மீ. கடலை 2022-ல் தமிழ்நாடு அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்திருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. கரை கடக்கும் இடத்தை மேலே வெட்டாமல், கிடைமட்டத் துளையிட்டு அடியில் நுழைத்தே கொண்டுபோக வேண்டும். மீனவரிடம் கேட்காமல் தடம் வரைந்தால் அது வரைபடத்திலேயே நிற்கும்.

தரைப்பகுதியிலும் நம் மண்ணுக்கென்று சில உண்டு. தேவகோட்டை, திருவாடானை பக்கம் தடம் வந்தால் கண்மாய்ச் சங்கிலிகளைக் கடக்கும். குழாய்ப் பள்ளத்தைத் தளர்வாக மூடினால் அதுவே மண்ணுக்கடியில் வடிகாலாகி வரத்துக்காலின் நீரை வேறு பக்கம் இழுத்துவிடும். ஒவ்வொரு வரத்துக்காலிலும் இரு புறமும் களிமண் அடைப்பு போட வேண்டும். செம்பூரான் கல் உள்ள இடத்தில் தோண்டிய கல்லையே திருப்பிக் கொட்டினால் பூச்சு கிழியும். குழாயைச் சுற்றி ஒரு சாண் மணல் மெத்தை அவசியம். நிலத்துக்கு 1962 சட்டப்படி பயன்பாட்டு உரிமை மட்டும் எடுக்கிறார்கள், ஈடு சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. அதன் பிறகு அந்தப் பட்டையில் மரம் வைக்கவோ கிணறு வெட்டவோ முடியாது. காலத்துக்கும் கட்டுப்படும் நிலத்துக்கு இந்தத் தொகை போதாது என்ற விவசாயிகளின் குரலில் நியாயம் இருக்கிறது.

பாக் நீரிணைக்குப் பக்கத்து உறவு என்று சொல்லத்தக்கது ஃபின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையிலான பால்டிக்கனெக்டர். கடலடியில் 77 கி.மீ., 500 மி.மீ., 80 பார். 2020 ஜனவரி 1 முதல் ஓடியது. 2023 அக்டோபர் 8 அதிகாலை அழுத்தம் 34 பாரிலிருந்து 12 பாருக்கு விழுந்தது. ஒரு சரக்குக் கப்பல் நங்கூரத்தைத் தரையில் இழுத்தபடி போயிருந்தது, நங்கூரம் பக்கத்திலேயே கிடைத்தது. வால்வுகளை மூடி, உடைந்த பகுதியை மாற்றி, மீண்டும் வாயு விட 2024 ஏப்ரல் ஆகிவிட்டது. ஃபின்லாந்து குளிரில் வாடவில்லை. இன்கூ துறைமுகத்தில் அதற்கு மிதக்கும் முனையம் இருந்தது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலும் வைத்திருப்பது போல.

பால்டிக்கில் இரு கரையும் ஒரே ஒன்றியம், ஒரே சட்டம், பழுதுபார்க்கும் கப்பலுக்கு அனுமதிச் சிக்கல் இல்லை. அப்படியும் ஆறு மாதம். பாக் நீரிணையில் 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தம் வரைந்த கோட்டைத் தாண்டி ஒரு பழுதுக் கப்பல் போக வேண்டுமென்றால், எந்த அதிகாரி, எத்தனை நாளில் அனுமதிப்பார் என்று வரைவிலேயே பெயர்ப் பதவியோடு எழுதியிருக்க வேண்டும். மாற்றுக் குழாய்கள் சில நூறு மீட்டரும், இரண்டு பழுதுக் கவ்விகளும், ஒரு தொகுதி ஆனோடுகளும் மண்டபத்திலும் தலைமன்னாரிலும் சுங்கவரி இல்லாக் கிடங்கில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். இரு நாட்டுப் பொறியாளரும் இரண்டு கிடங்குகளின் சாவியையும் வைத்திருக்க வேண்டும்.